எல்லைப் பள்ளிகளின் லினக்ஸும் ஓட மறுத்த காணொளியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் கேரளத்தின் கடைசி ஊர்களில் ஒன்றான பாறசாலையையும் தமிழ்நாட்டின் முதல் ஊரான களியக்காவிளையையும் பிரிப்பது மலையோ பேராறோ அன்று. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது வரையப்பட்ட நிர்வாகக் கோடுதான். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. ஆனால் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியுமே சென்னை மாநிலத்துக்குச் சென்றன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இந்தக் கோட்டின் விளைவுகளாக நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீரும் தமிழ் வழிக் கல்வியும் பல முறை பேசப்பட்டுள்ளன. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே கோடு பள்ளிக் கணினிகளையும் இரண்டு வழிகளில் திருப்பியது என்பது அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. கோட்டின் இருபுறமும் லினக்ஸ் என்ற இயங்குதளம் வந்தது. ஆனால் ஒருபுறம் அது பாடத்திட்டமாகவும், மறுபுறம் கணினியைத் தொடங்கும்போது தோன்றும் இரண்டு தெரிவுகளில் ஒன்றாகவும் வந்தது. அந்த வேறுபாடு மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று, உலாவிக்குள் காணொளியை ஓட்டும் எளிய செயல்.

கேரளத்தின் பக்கம் இந்தக் கதையின் தொடக்கம் 2001. அவ்வாண்டு ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். கட்டற்ற மென்பொருள் என்பது, எவரும் பயன்படுத்தவும், அதன் மூல நிரலைப் படிக்கவும், மாற்றவும், பிறருக்குப் பகிரவும் உரிமையளிக்கும் மென்பொருளாகும். ஏறத்தாழ அதே காலத்தில் மாநிலக் கல்வித்துறையின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் உருவானது. முதலில் அதன் பாடங்கள் மைக்ரோசாப்ட் விண்டோஸைச் சார்ந்தே எழுதப்பட்டிருந்தன. ஆசிரியர் சங்கத்தின் எதிர்ப்பும், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் இடைவிடாத முயற்சியும், 2006இல் வந்த அரசின் நிலைப்பாடும் சேர்ந்து அந்தப் போக்கை மாற்றின. 2008 அளவில் பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வு முழுவதும் குனு/லினக்ஸில் நடத்தப்படும் நிலை வந்தது. திட்டம் முதலில் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் வழித்தோன்றலையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாக்கித் தன் சொந்தப் பதிப்பைத் தொகுத்து, மாநிலமெங்கும் ஒரே குறுவட்டாகவும் பின்னர் ஒரே நிறுவல் கோப்பாகவும் வழங்கியது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், காட்டாக்கடை ஆகிய துணை மாவட்டங்களைக் கொண்ட நெய்யாற்றின்கரைக் கல்வி மாவட்டத்துக்கும் அதே தொகுப்புதான். தமிழ் வழியில் படிப்பவருக்கும் அதே திரைதான், பாடநூல் மட்டும் தமிழில்.

கோட்டுக்குத் தெற்கே நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் கணினியைப் பள்ளிக்கு அன்றி மாணவரின் கைக்கே கொடுத்தது. மாநில அரசின் எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக்கி உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் இணையாக நிறுவப்பட்டிருந்தன. களியக்காவிளை மாணவர் ஒருவருக்கு லினக்ஸில் படம் ஓடவில்லையென்றால் மறுதொடக்கம் செய்து விண்டோஸுக்குள் போய்விடலாம். சிக்கல் தீர்க்கப்படவில்லை, தவிர்க்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டர் வடக்கே உள்ள பள்ளியில் அந்த வழி இல்லை. அங்கே படம் ஓடவில்லையென்றால் ஏன் ஓடவில்லை என்று யாராவது கண்டுபிடித்தாக வேண்டும். அந்த 'யாராவது' பெரும்பாலும் பள்ளியின் ஐ.டி. ஒருங்கிணைப்பாளராக இருந்த ஆசிரியர். கணிதமோ இயற்பியலோ கற்பித்துக்கொண்டு, கூடுதல் பொறுப்பாகக் கணினி அறையையும் பார்த்துக்கொண்டவர். அவருக்கு மேலே, மாவட்ட அளவில் பயிற்சி அளிக்கும் மாஸ்டர் டிரெய்னர்கள். கணினிப் பழுதுபார்க்கும் கடைக்காரர்களின் தொழிலாக மற்ற இடங்களில் இருந்த ஒன்று, கேரளத்தில் ஆசிரியர் தொழிலின் ஓரத்தில் வளர்ந்தது. மாற்று வழி இல்லாத இடத்தில்தான் இத்தகைய திறன் ஊன்றும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தெரிவுச் சுதந்திரம் எல்லா நேரத்திலும் அறிவை வளர்ப்பதில்லை.

சிக்கலின் தன்மையைப் புரிந்துகொள்ளச் சிறிய கணக்கு ஒன்று தேவை. இன்று சாதாரணமாகப் பார்க்கப்படும் முழு உயர்தரக் காணொளியின் ஒரு சட்டகத்தில், அதாவது ஓடும் படத்தின் ஒற்றை நிலைப்படத்தில், 1920 பெருக்கல் 1080, ஏறத்தாழ 20.7 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 30 சட்டகங்கள் என்றால் நொடிக்கு 6.2 கோடி புள்ளிகள். அவற்றை அப்படியே அனுப்ப எந்த இணைப்பும் தாங்காது என்பதால் அவை கோடெக் எனப்படும் சுருக்கமுறை ஒன்றால் மிகச் சிறியதாக்கப்படுகின்றன. பார்ப்பவரின் கணினி அந்தச் சுருக்கத்தை அவிழ்க்க வேண்டும். இந்த அவிழ்ப்பு வேலையைப் பொதுவான மையச் செயலி செய்தால் அது மென்பொருள் அவிழ்ப்பு. வரைகலைச் சில்லுக்குள் இதற்கென்றே செதுக்கப்பட்ட தனிச்சுற்று செய்தால் அது வன்பொருள் முடுக்கம். முன்னது எதையும் அவிழ்க்கும், ஆனால் செயலியை முழுவதுமாக விழுங்கி, மடிக்கணினியைச் சூடாக்கி, மின்கலத்தைத் தீர்த்து, மலிவான கணினியில் படத்தைத் தடுமாறவும் வைக்கும். பின்னது சில குறிப்பிட்ட கோடெக்குகளை மட்டுமே அறியும், ஆனால் மிகக் குறைந்த மின்சாரத்தில் அமைதியாகச் செய்து முடிக்கும். அந்தச் சுற்று சில்லுக்குள் இருப்பது ஒன்று. லினக்ஸில் ஓடும் உலாவி அதை எட்டுவது வேறொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆயின.

தொடக்கத்தில் லினக்ஸின் எக்ஸ் சாளர அமைப்பில் இருந்தது எக்ஸ்வீடியோ என்ற நீட்சி. அது சுருக்கத்தை அவிழ்க்காது. அவிழ்த்த படத்தைப் பெரிதாக்கும் வேலையையும் நிறமாற்ற வேலையையும் மட்டும் வரைகலைச் சில்லிடம் ஒப்படைக்கும். பழைய சில்லுகள் பலவற்றில் இதற்கு 'ஓவர்லே' என்ற தனி அடுக்கு பயன்பட்டது. அந்த அடுக்கு ஒரு நேரத்தில் ஒரே வெளியீட்டில்தான் தோன்றும் என்பதால், மடிக்கணினித் திரையையும் புரொஜெக்டரையும் ஒன்றாக இணைத்தால் ஒன்றில் படம் ஓடும், மற்றொன்றில் அதே இடத்தில் கறுப்போ நீலமோ ஆன வெற்றுச் சதுரம் தெரியும். வகுப்பறையில் கணினியைப் பயன்படுத்தியவர்களுக்கு இதைவிட எரிச்சலூட்டும் பழுது குறைவு: ஆசிரியர் தம் மேசையில் படத்தைப் பார்க்கிறார், மாணவர்களுக்குச் சுவரில் ஒன்றுமில்லை. விஎல்சி போன்ற இயக்குகருவியின் அமைப்புகளில் காணொளி வெளியீட்டை ஓப்பன்ஜிஎல் என்றோ சாதாரண எக்ஸ்11 என்றோ மாற்றினால் சிக்கல் தீர்ந்தது. காரணத்தை அறியாமலும் இந்தத் தீர்வைப் பின்பற்ற முடிந்தது. அவ்வாறு மனப்பாடமான தீர்வுகளே இந்தத் துறையின் முதல் அடுக்கு.

சுருக்கத்தை அவிழ்ப்பதையே சில்லிடம் விடும் முயற்சி 2000ஆம் ஆண்டையொட்டி எக்ஸ்விஎம்சி என்ற பெயரில், எம்பெக்-2 என்ற டிவிடிக் காலக் கோடெக்குக்காகத் தொடங்கியது. உண்மையான திருப்பம் அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்தது. இன்டெல் வடிவமைத்த வி.ஏ.ஏ.பி.ஐ. என்ற இடைமுகமும், என்விடியா 2008 நவம்பரில் வெளியிட்ட வி.டி.பி.ஏ.யு. என்ற இடைமுகமும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் எழுந்தன, ஏ.எம்.டி. தன் பங்குக்கு மூன்றாவதொன்றை வைத்திருந்தது. இடைமுகம் என்பது இங்கே, எந்தச் சில்லு என்று அறியாமலே ஒரு நிரல் 'இந்தச் சட்டகத்தை அவிழ்த்துக் கொடு' என்று கேட்பதற்கான பொதுவான கட்டளைத் தொகுதி. பொதுவானது ஒன்றுக்குமேல் இருந்தால் அது பொதுவானதன்று என்பது வெளிப்படை. விஎல்சி 2010இல் தன் 1.1 பதிப்பில் வி.ஏ.ஏ.பி.ஐ.க்கு ஆதரவு சேர்த்தது. ஆகவே ஒரே கணினியில் ஒரே கோப்பு, விஎல்சியில் வழுக்கிக்கொண்டு ஓடி, உலாவியில் திக்கித் திணறும் நிலை உருவானது. காணொளியைப் பதிவிறக்கி விஎல்சியில் போடுவதே நெடுங்காலம் நம்பகமான வழியாக இருந்தது. இணைய வேகம் குறைந்த எல்லைக் கிராமங்களில் அது வேறொரு காரணத்துக்காகவும் அறிவுடைய வழியாகவே இருந்திருக்கும்.

உலாவியின் பக்கம் அக்காலத்தில் எல்லாம் அடோபியின் ஃப்ளாஷ் என்ற செருகுநிரலின் கையில் இருந்தது. ஃப்ளாஷ் மூடிய மென்பொருள். அதன் மூல நிரல் வெளியே எவருக்கும் தெரியாது. கட்டற்ற மென்பொருளைக் கொள்கையாக ஏற்ற ஒரு பள்ளித் திட்டத்தின் கணினியிலும் காணொளி பார்க்க வேண்டுமானால் அந்த மூடிய துண்டை நிறுவித்தான் ஆக வேண்டும் என்பது அன்றைய நிலை. 2011இல் வந்த 10.2 பதிப்பு லினக்ஸில் வி.டி.பி.ஏ.யு. வழியே வன்பொருள் அவிழ்ப்பைத் தொட்டது. அடுத்த ஆண்டு வந்த 11.2 பதிப்பில் நிறங்கள் இடம் மாறின. படத்தில் வரும் மனிதர்களின் முகங்கள் நீலமாயின. அவிழ்த்த சட்டகத்தின் சிவப்பும் நீலமும் ஒன்றுக்கொன்று மாற்றி வாசிக்கப்பட்டதே காரணம். சரிசெய்ய எளிய வழி ஃப்ளாஷின் அமைப்புப் பெட்டியில் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்துவதுதான். அந்த 11.2தான் லினக்ஸ் ஃபயர்பாக்ஸுக்கு அடோபி தந்த கடைசிப் பெரிய பதிப்பாகப் பல ஆண்டுகள் இருந்தது என்பதால், 'முடுக்கத்தை நிறுத்து' என்ற அறிவுரையும் அத்தனை ஆண்டுகள் வாழ்ந்தது. நோய் போன பிறகும் மருந்து தொடர்ந்தது: ஃப்ளாஷின் செல்வாக்கு தேய்ந்து, பின்னர் 2020 டிசம்பரில் அதன் ஆயுளே முடிந்த பின்னும், காணொளியில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் முடுக்கத்தை அணைத்துப் பார்க்கும் பழக்கம் லினக்ஸ் பயனர்களிடம் எஞ்சியது.

ஃப்ளாஷின் இடத்தை எச்.டி.எம்.எல்.5 பிடித்தது, அதாவது செருகுநிரல் எதுவுமின்றி உலாவியே காணொளியை ஓட்டும் முறை. யூடியூப் இதை 2010 ஜனவரியில் சோதனைக்கு விட்டு, 2015 ஜனவரியில் இயல்பு நிலையாக்கியது. ஆனால் உலாவி எந்தக் கோடெக்கை ஓட்டுவது என்ற கேள்வி உடனே எழுந்தது. 2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 பெரும்பாலான சில்லுகளில் இருந்தது. எனினும் அது காப்புரிமைகளால் சூழப்பட்டது. ஆகவே இலவசமாக வழங்கப்படும் லினக்ஸ் தொகுப்புகள் பல அதைத் தம் முதன்மைத் தொகுதியில் சேர்க்கத் தயங்கின. உபுண்டுவில் அது 'கட்டுப்படுத்தப்பட்ட கூடுதல்கள்' என்ற தனிப் பொட்டலத்தின் வழியாக நிறுவப்பட்டது. ஃபெடோரா என்ற தொகுப்பு 2022இல் ஏ.எம்.டி. சில்லுகளை இயக்கும் நிரலான தன் மெசா இயக்கியிலிருந்து எச்.264, எச்.265 வன்பொருள் அவிழ்ப்பை நீக்கிய அளவுக்கு இந்தத் தயக்கம் நீண்டது. சில்லில் இருக்கும் சுற்று, அதற்கு விலை கொடுத்தவருக்கே மூடப்பட்டது. கேரளப் பள்ளித் தொகுப்பைப் போன்ற பொதுத்துறைத் தொகுப்புகளின் உண்மையான பயன் இங்கேதான் இருந்தது: தேவையான கோடெக்குகளையும் எழுத்துருக்களையும் ஒரு முறை மையத்தில் சேர்த்து அனுப்பினால், ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே இணையத்தில் தேடி நிறுவ வேண்டியதில்லை.

அவ்வளவு செய்தும் உலாவிக்குள் முடுக்கம் வரவில்லை. இதன் காரணம் ஒரே இடத்தில் இல்லாததே இந்த வரலாற்றின் மையம். சில்லு, இயங்குதளத்தின் கருவான கெர்னலில் உள்ள அதன் இயக்கி, பயனர் பக்கத்து வி.ஏ.ஏ.பி.ஐ. இயக்கி, சாளர அமைப்பு, உலாவியின் வரைகலைப் பகுதி, அதன் காணொளிப் பகுதி, அவற்றைச் சுற்றிய பாதுகாப்பு வேலி என ஏழு கைகளைச் சட்டகம் கடக்க வேண்டும். எல்லையை அடுத்த அமரவிளைச் சோதனைச் சாவடியில் ஒரு முத்திரை குறைந்த சரக்கு லாரியைப் போல, ஒரு கையில் தடை விழுந்தாலும் சட்டகம் வன்பொருள் வழியைவிட்டு மென்பொருள் வழிக்குத் திருப்பப்பட்டது. எந்தக் கையில் தடை என்று சொல்லும் அறிவிப்பு மட்டும் திரையில் வராது. படம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், மின்விசிறி மட்டும் இரையும். தெளிவாக உடைந்த பழுதைவிட, உடையாததுபோல் நடிக்கும் பழுது கண்டுபிடிக்கக் கடினம்.

இதில் நுட்பமான தடை ஒன்று உண்டு. வன்பொருள் அவிழ்த்த சட்டகம் வரைகலைச் சில்லின் நினைவகத்தில் இருக்கிறது. உலாவி அதைத் திரையில் வைக்க, மையச் செயலியின் நினைவகத்துக்கு ஒரு முறை நகலெடுத்து மீண்டும் சில்லுக்கு அனுப்பினால், முழு உயர்தரப் படத்துக்கு நொடிக்கு 9 கோடி பைட்டுக்கு மேல் வீணாக இங்குமங்கும் நகர்கிறது; முடுக்கத்தின் இலாபத்தில் பெரும்பகுதி அந்த நகலெடுப்பிலேயே கரைகிறது. நகலின்றி ஒரே நினைவகப் பகுதியைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ள உதவும் டி.எம்.ஏ.-பஃப் என்ற கெர்னல் வசதி முதிர்ந்து, உலாவிகள் அதைப் பயன்படுத்தக் கற்ற பிறகே முழுப் பலன் கிடைத்தது. ரெட் ஹேட் நிறுவனத்தின் மார்ட்டின் ஸ்ட்ரான்ஸ்கி ஃபயர்பாக்ஸில் செய்த பணி இந்த வழியில்தான் நடந்தது: 2020இன் நடுவில் முதலில் வேலேண்ட் என்ற புதிய சாளர அமைப்பிலும், பின்னர் அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த 80ஆம் பதிப்பில் பழைய எக்ஸ்11இலும் வி.ஏ.ஏ.பி.ஐ. வேலை செய்தது. ஆனாலும் அது இயல்பாக அணைக்கப்பட்டே இருந்தது. குரோம் உலாவியின் அடிப்படையான குரோமியத்தின் கதை இன்னும் விந்தையானது. கூகுளின் குரோம்ஓஎஸ் கணினிகளில் அதே வி.ஏ.ஏ.பி.ஐ. நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கணினி லினக்ஸில் மட்டும் இயக்கிகள் நம்பத்தக்கவை அல்ல என்று கூறி அந்த நிரல் தடைப்பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது. ஃபெடோரா போன்ற தொகுப்புகள் ஒட்டுநிரல் போட்டுத் தாமே திறந்துகொண்டன. 2021 தொடக்கத்தில் வந்த குரோம் 88ஆம் பதிப்பில்தான் பயனர் தாமாக இயக்கிக்கொள்ளும் வசதி வந்தது. அதன் பிறகும் தொடக்கக் கட்டளையில் சேர்க்க வேண்டிய விருப்பச் சொற்கள் சில பதிப்புகளுக்கொருமுறை பெயர் மாறியதால், எழுதிவைத்த குறிப்பு எதுவும் ஓராண்டுக்குமேல் நிலைக்கவில்லை.

இந்தத் தடைகள் தீரும் முன்பே, 2018 ஜனவரியில், கேரளத்தில் ஹைடெக் பள்ளித் திட்டம் வந்தது. ஐ.டி. அட் ஸ்கூல் அதற்கு முந்தைய ஆண்டே கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியிருந்தது. 4,752 பள்ளிகளில், எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் சென்றன. கணினி அறையில் வாரம் சில மணி நேரம் ஓடிய லினக்ஸ், எல்லாப் பாடங்களுக்கும் உரிய கரும்பலகையின் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. உயிரியல் ஆசிரியருக்கு இதயத் துடிப்பைக் காட்டும் காணொளி தடையின்றி ஓட வேண்டும். அது எந்த இயக்கியால் ஓடுகிறது என்பது அவருடைய கவலையன்று. அதே மாதம் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றங்களின் பயிற்சியில் வன்பொருளும் ஒரு பிரிவாக இருந்தது தற்செயலானதன்று. பழுதுபார்க்கும் கைகளைப் பெருக்குவதற்கு மாணவர்களே கணக்கில் எடுக்கப்பட்டார்கள்.

பெருந்தொற்று காணொளியை வகுப்பறையாகவே ஆக்கியது. 2020 ஜூன் 1 அன்று கைட் விக்டர்ஸ் அலைவரிசையில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தொடங்கின. விக்டர்ஸ், 2005 ஜூலையில் அப்துல் கலாம் தொடங்கிவைத்த கல்வி அலைவரிசை. முந்தைய ஆண்டு ஏவப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோளை நம்பி எழுந்தது. அதன் முதன்மை ஒளிபரப்பு மலையாளத்தில் இருந்தது. தமிழ் வழி மாணவர்களுக்கான பாடங்கள் பாலக்காட்டிலும், கன்னட வழிப் பாடங்கள் காசர்கோட்டிலும் தயாராகி, பெரும்பாலும் யூடியூப் வழியாகவே சென்றன. இதன் விளைவைக் கவனிக்க வேண்டும்: மலையாள வழி மாணவர் தொலைக்காட்சியில் பார்த்துவிடக்கூடிய பாடத்தைத் தமிழ் வழி மாணவர் பெரும்பாலும் இணையத்திலேயே பார்க்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் கைபேசியில் பார்த்திருப்பார்கள்; கைபேசியின் வன்பொருள் அவிழ்ப்பு சிக்கலின்றி வேலை செய்தது, ஏனெனில் அங்கே சில்லும் இயக்கியும் இயங்குதளமும் ஒரே உற்பத்தியாளரால் பொருத்தப்பட்டு வருகின்றன. பழைய லினக்ஸ் கணினியில் பார்த்தவருக்கே இடர்.

அந்த இடரின் பெயர் விபி9. காப்புரிமைக் கட்டணமற்ற கோடெக்காகக் கூகுள் 2013இல் முடித்து வெளியிட்ட இதை யூடியூப் தன்னால் இயன்ற இடத்திலெல்லாம் உலாவிகளுக்கு அனுப்பியது. 2011க்குப் பிந்தைய இன்டெல் சில்லுகள் எச்.264ஐ எளிதாக அவிழ்த்தாலும், விபி9ஐ முழுமையாக வன்பொருளில் அவிழ்க்கும் சுற்று 2016 முதல் வந்த தலைமுறைகளில்தான் வந்தது. கட்டற்ற மென்பொருளின் கொள்கைக்கு இணக்கமான கோடெக், கட்டற்ற மென்பொருள் ஓடிய பழைய கணினிகளைத்தான் அதிகம் வாட்டியது. எச்264ஐஃபை என்ற சிறிய நீட்சி, 'இந்த உலாவிக்கு விபி9 தெரியாது' என்று யூடியூபிடம் பொய் சொல்லி, பழைய எச்.264 வடிவத்தைப் பெற்றுத் தந்தது. தரத்தை 720 வரிக்கோ 480 வரிக்கோ குறைப்பதும் அதே பயனைத் தரும். பாடக் காணொளிக்கு அது போதும். அறிவுரைகளில் மிக எளியதான இது மிக அரிதாகவே சொல்லப்பட்டது, ஏனெனில் நுட்பம் அறிந்தவர்களுக்கு அது தோல்வியாகத் தோன்றியது.

இத்தனை ஆண்டுகளில் திரண்ட பழுதறியும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அது சில்லிலிருந்து உலாவியை நோக்கி நகர்வது. முதலில் டெவ் என்ற கோப்பகத்தில் டிஆர்ஐ என்பதன் கீழ் ரெண்டர்டி128 என்ற சாதனக் கோப்பு உள்ளதா, அதைப் பயன்படுத்தும் உரிமை பயனருக்கு உள்ளதா என்று பார்க்கப்படும். அடுத்து விஏஇன்ஃபோ என்ற கட்டளை இயக்கப்படும். சில்லு எந்தக் கோடெக்குகளை அவிழ்க்கும் என்ற பட்டியலை அது தரும், எச்.264 வரியின் எதிரே வி.எல்.டி. என்ற குறி இருந்தால் அவிழ்ப்பு கைவசம் உள்ளது என்று பொருள். பட்டியலே வராமல் பிழை வந்தால் இயக்கி தவறானது: இன்டெல்லின் பழைய சில்லுகளுக்கு ஐ965 என்ற இயக்கியும், பிராட்வெல் தலைமுறை முதல் ஐஎச்டி என்ற புதிய இயக்கியும் உரியவை, சூழல் மாறி ஒன்றால் எது வேண்டுமென்று கட்டாயப்படுத்தலாம். அதன் பிறகு விஎல்சியிலோ எம்பிவி என்ற மற்றோர் இயக்குகருவியிலோ கோப்பொன்றை ஓட்டி, சில்லின் காணொளிச் சுற்று உழைக்கிறதா என்று இன்டெல் ஜிபியு டாப் என்ற கருவியில் பார்க்கப்படும். அங்கே காணொளி வரிசை பூச்சியத்தில் நின்று மையச் செயலி உச்சத்தில் இருந்தால் முடுக்கம் இல்லை. இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் உலாவியின் முறை. ஃபயர்பாக்ஸின் ஆதரவுத் தகவல் பக்கமும் குரோமியத்தின் ஜிபியு பக்கமும் தடை எங்கே என்பதைச் சொல்லும். தொடங்குவோர் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகக் கடைப்பிடித்து, உலாவியின் மறைவான அமைப்புகள் அனைத்தையும் முதலில் மாற்றிவிட்டு, எது எதனால் நடந்தது என்பதை இழந்தார்கள். ஒரு காலகட்டத்தில் ஃபயர்பாக்ஸின் காணொளிச் செயல்முறையைச் சுற்றிய பாதுகாப்பு வேலியையே அகற்றினால்தான் முடுக்கம் வரும் என்ற நிலை இருந்தது. மாணவர்கள் கண்ட தளங்களையும் திறக்கும் பள்ளிக் கணினியில், சற்றுக் குளிர்ந்த செயலிக்காக அந்த வேலியைத் திறப்பது நல்ல பேரமாக இருக்கவில்லை. பின்வந்த பதிப்புகளில் அதன் தேவையும் நீங்கியது.

2023 ஜூலையில் வந்த ஃபயர்பாக்ஸ் 115, இன்டெல் சில்லுள்ள லினக்ஸ் கணினிகளில் வன்பொருள் அவிழ்ப்பை இயல்பாகவே இயக்கி வைத்தது. அதற்குள் மற்றொரு கை நடுவே நுழைந்திருந்தது: உபுண்டு தன் 22.04 பதிப்பில் ஃபயர்பாக்ஸை ஸ்னாப் என்ற மூடிய பொட்டலமாக மட்டுமே வழங்கியது. குரோமியம் அதற்கு முன்பே ஸ்னாப் ஆகிவிட்டது. ஸ்னாப்புக்குள் ஓடும் நிரல் வெளியே உள்ள இயக்கியைக் காண்பதில்லை. தனக்குள்ளே வைத்திருக்கும் இயக்கியைத்தான் காணும். எனவே விஏஇன்ஃபோ எல்லாம் சரி என்று சொல்லியும் உலாவி மட்டும் மறுக்கும் புதுவகைப் பழுது தோன்றியது. பழைய முறைப்படி டெப் பொட்டலமாக ஃபயர்பாக்ஸை நிறுவுவது அதற்கு எளிய மாற்று.

அடுத்த கோடெக்கான ஏவி1 இதில் எதிர்பாராத திசையில் நகர்ந்தது. அதன் வன்பொருள் அவிழ்ப்பு இன்டெல்லில் 2020இல் வந்த டைகர் லேக் தலைமுறையிலிருந்துதான் உண்டு. ஆகவே 2018இல் வகுப்பறைகளுக்குச் சென்ற மடிக்கணினிகளில் அந்தச் சுற்று இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் விஎல்சியை உருவாக்கிய வீடியோலேன் அமைப்பு 2018 இறுதியில் வெளியிட்ட டேவ்1டி என்ற மென்பொருள் அவிழ்ப்பி, செயலியின் மொழியிலேயே கையால் எழுதப்பட்ட நிரல்களால் அத்தனை விரைவானது; ஃபயர்பாக்ஸ் அதை 2019 மே மாதம் முதல் பயன்படுத்துகிறது. 480 வரி, 720 வரிப் பாடக் காணொளிகளை அது பழைய செயலியிலும் தடுமாற்றமின்றி அவிழ்க்கிறது, மின்கலம் மட்டும் சற்று விரைவாகத் தீரும். வகுப்பறையில் மடிக்கணினி பெரும்பாலும் மின்செருகியோடு இணைந்தே இருப்பதால், மின்சாரம் நிற்காதவரை அது ஒரு பொருட்டன்று.